தைராய்டு குறைவு, ஆனால் நெஞ்சு மட்டும் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது? மலையில் இருப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தைராய்டு குறைந்தால் உடம்பில் எல்லாமே மெதுவாகும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நாடி மெதுவாக ஓடும், மலம் இறுகும், தூக்கம் தூக்கமாக வரும், குளிர் தாங்காது. ஆனால் கோத்தகிரியில் என்னைச் சுற்றி தைராய்டு மாத்திரை சாப்பிடும் பெண்களிடம் பேசினால், பலபேர் முதலில் சொல்வது "நெஞ்சு படபடன்னு அடிக்குது, பயமா இருக்கு" என்பதுதான். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஈ.சி.ஜி. எடுத்துவிட்டு "ஒண்ணுமில்லம்மா, டென்ஷன்" என்று அனுப்பிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்தால் "தைராய்டு இருந்தா அப்படித்தான் இருக்கும், விடு" என்கிறார்கள். இந்த இரண்டு பதிலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கும் தைராய்டு குறைவு, பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன், அந்தப் படபடப்பும் அதோடு ஏறிவரும் பயமும் எனக்குத் தெரியும். நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் போவதற்கு முன்பும் போய்வந்த பிறகும் வீட்டில் நாமே செய்ய வேண்டிய வேலையைத்தான் சொல்லப்போகிறேன்.

படபடப்புக்குப் பெரும்பாலும் ஒரே காரணம் இருப்பதில்லை. மாத்திரை அளவு, ரத்தசோகை, டீ, சளி மருந்து, தூக்கமின்மை, பயம் என்று இரண்டு மூன்று சேர்ந்துதான் வேலை பார்க்கும். அதனால் "இது தைராய்டா, மனசா" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் முடிவு கிடைக்காது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், அதே நேரத்தில் பயத்துக்கான வைத்தியத்தையும் ஆரம்பித்துவிட வேண்டும். டி.எஸ்.எச். (தைராய்டு நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) சரியாகட்டும், அப்புறம் பயத்தைப் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டால் அதற்குள் பயம் வேர் விட்டுவிடும்.

முதலில்: எப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கக் கூடாது

படபடப்போடு நெஞ்சில் அழுத்தம் அல்லது வலி, அது கைக்கோ தாடைக்கோ பரவுவது, மயக்கம் போட்டு விழுவது, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, வாய் கோணுவது அல்லது ஒரு பக்கம் கை கால் விழுவது, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் 108-ஐ அழையுங்கள். ஓய்வில் இருக்கும்போதே நாடி 120-க்கு மேல் போய் அரை மணி நேரமாகியும் இறங்கவில்லை என்றாலும் அப்படித்தான். தைராய்டு குறைவு சரியாகக் கவனிக்கப்படாமல் கிடந்தால் கொழுப்பு கூடும், ரத்த அழுத்தமும் கூடலாம், அதனால் நமக்கு மாரடைப்பு வராது என்று நினைக்க இடமே இல்லை.

மலையில் இருப்பவர்கள் இதில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில், பனிமூட்டத்தில் வண்டி வந்துசேர நேரமாகும். "விடியட்டும், பார்ப்போம்" என்று காத்திருக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனை எது (ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, குன்னூர் லாலி மருத்துவமனை, கோத்தகிரி, கூடலூர் என்று உங்களுக்கு எது கிட்டவோ அது), ராத்திரியில் யார் வண்டி எடுப்பார்கள் என்பதை இன்றைக்கே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அது தெரிந்திருப்பதே பாதிப் பயத்தைக் குறைக்கும்.

இன்னொன்று, டிசம்பர், ஜனவரி உறைபனி சமயத்தில் ஜன்னலை எல்லாம் அடைத்துக்கொண்டு அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு தலைவலி, குமட்டல், படபடப்பு எல்லாம் தரும், ஆளையே கொன்றும்விடும். ராத்திரி அடுப்பு இருந்த அறையில் படபடப்போடு எழுந்தால் முதலில் கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே கூட்டி வாருங்கள். அப்புறம் தைராய்டைப் பற்றி யோசிக்கலாம்.

படி 1: நாடியைப் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

"படபடப்பு" என்று நாம் சொல்வதற்குள் நாலைந்து விதம் ஒளிந்திருக்கிறது. வேகமாக அடிப்பது ஒன்று. வேகம் சாதாரணமாகவே இருந்து, ஒவ்வொரு அடியும் பலமாகத் தொண்டை வரை கேட்பது இன்னொன்று. ஒரு அடி விட்டுப்போய் அடுத்த அடி "தொபுக்" என்று விழுவது மூன்றாவது. எந்த ஒழுங்கும் இல்லாமல் தாறுமாறாக அடிப்பது நான்காவது. இந்த நான்குக்கும் காரணம் வேறு, டாக்டர் செய்யப்போகும் வேலையும் வேறு. அதனால் எது என்று உங்களுக்கே தெரிய வேண்டும்.

இடது உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் லேசாக வையுங்கள். கட்டைவிரலால் பிடிக்காதீர்கள், அதற்கே ஒரு துடிப்பு உண்டு, குழப்பிவிடும். கடிகாரத்தைப் பார்த்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் முழு 60 விநாடியும் எண்ணுங்கள். ஓய்வில் 60 முதல் 100 வரை சாதாரணம். நன்றாக இருக்கும் நாட்களில், காலையில் படுக்கையைவிட்டு எழுவதற்கு முன்னால் எண்ணி உங்கள் வழக்கமான அளவு என்ன என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தைராய்டு குறைந்து கிடந்தபோது 56, 58 என்று இருந்தவருக்கு மாத்திரை ஆரம்பித்து 80 வந்தால் அதுவே ஓட்டமாகத் தெரியும், ஆனால் 80 நல்ல அளவுதான்.

மேட்டில் ஏறினால் நாடி ஏறத்தான் செய்யும். எங்கள் பக்கம் ஹட்டியிலிருந்து (படகர் ஊரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) மெயின் ரோட்டுக்கு வர வேண்டுமென்றால் படிப்படியாக ஏறித்தான் ஆக வேண்டும், 20 வயசுப் பையனுக்கும் அங்கே நெஞ்சு அடிக்கும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. திருப்பூரிலோ கோவையிலோ சில மாதம் இருந்துவிட்டு மேலே வருபவர்களுக்கு முதல் ஓரிரு நாள் நாடி கொஞ்சம் கூடுதலாகவே ஓடும். பார்க்க வேண்டியது, ஏறி முடித்து உட்கார்ந்தபின் சில நிமிடத்தில் இறங்குகிறதா என்பதை. முன்பெல்லாம் சாதாரணமாக ஏறிய மேட்டில் இப்போது பாதியில் நின்றுவிடுகிறீர்கள் என்றால் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். மேடு, குளிர், வயசு என்று காரணம் சொல்லி இங்கே தைராய்டு குறைவையும் ரத்தசோகையையும் வருடக்கணக்கில் மறைத்துவிடுகிறோம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஒரு தடவை எண்ணுங்கள், எழுதுங்கள், விடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நாடியைப் பிடிப்பதும், கையில் கட்டிய ஸ்மார்ட் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே இருப்பதும் படபடப்பைக் கூட்டும். பார்க்கப் பார்க்கப் பயம், பயத்தில் நாடி ஏறும், ஏறினதைப் பார்த்து இன்னும் பயம்.

படி 2: இரண்டு வாரம் ஒரு நோட்டு

பெரிய நோட்டு வேண்டாம், பிள்ளைகளின் பழைய ரஃப் நோட்டு போதும். ஒவ்வொரு தடவை படபடப்பு வரும்போதும் ஒரு வரி: எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், நாடி எத்தனை, ஒழுங்காகவா தாறுமாறாகவா, அதற்கு முந்தின இரண்டு மணி நேரத்தில் என்ன சாப்பிட்டேன், குடித்தேன், என்ன செய்துகொண்டிருந்தேன், மனசில் என்ன ஓடியது. "காலை 7.10, கால் மணி நேரம், 104, ஒழுங்கு, வெறும் வயிற்றில் இரண்டு டீ, பஸ்ஸுக்கு ஓட்டம்" என்ற அளவில் இருந்தால் போதும். மாதவிடாய் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். 45 வயசைத் தாண்டியவர்கள் முகம் கழுத்தெல்லாம் குப்பென்று சூடாகி வேர்ப்பதையும் எழுதுங்கள், மாதவிடாய் நிற்கும் காலத்துப் படபடப்பு அப்படித்தான் வரும்.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். சிலருக்கு எல்லாம் காலை 7-லிருந்து 9 மணிக்குள் இருக்கும். சிலருக்கு ராத்திரி படுத்தவுடன். சிலருக்கு சாப்பாட்டைத் தள்ளிப்போட்ட நாளில் மட்டும். இதில் டாக்டர் உடனே நிமிர்ந்து பார்க்கும் ஒரு விதம் உண்டு: சுவிட்சைப் போட்ட மாதிரி ஒரு நொடியில் 150-க்கு மேல் ஏறி, அணைத்த மாதிரி ஒரு நொடியில் நிற்பது. பயத்தில் வருவது பொதுவாகப் படிப்படியாக ஏறிப் படிப்படியாக இறங்கும். சட்டென்று வந்து சட்டென்று போவது இதயத்தின் மின்னோட்டத்தில் இருக்கும் கோளாறாக இருக்கலாம், அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

படி 3: ரத்தப் பரிசோதனையை முழுதாகச் செய்யுங்கள்

டி.எஸ்.எச். மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 (ரத்தத்தில் இருக்கும் தைராய்டு ஹார்மோன்), ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச் சத்தின் சேமிப்பு), பி12, சர்க்கரை, பொட்டாசியம், முடிந்தால் மக்னீசியம், இவற்றோடு ஒரு ஈ.சி.ஜி. படபடப்பு என்று சொல்லி டாக்டரிடம் கேட்டால் இதில் தேவையானதை எழுதித் தருவார்.

டி.எஸ்.எச். தலைகீழாகப் பேசும் என்பதை நினைவில் வையுங்கள். அது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் கட்டளை. தைராய்டு குறைந்தால் கட்டளை கூடும், தைராய்டு (அல்லது மாத்திரை) அதிகமானால் கட்டளை குறையும். பொதுவாக 0.4 முதல் 4 வரை சாதாரணம் என்பார்கள், லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும், அதனால் எப்போதும் ஒரே லேபில், காலையில் ஒரே நேரத்தில், அன்றைய மாத்திரை போடுவதற்கு முன்னால் ரத்தம் கொடுங்கள். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டு நாளாவது முன்னாலேயே அதை நிறுத்திவிட்டுப் போங்கள். பயோட்டின் பல லேப் முறைகளில் டி.எஸ்.எச்.-ஐ இருப்பதைவிடக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டிவிடும். அதை நம்பி மாத்திரையைக் குறைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டி.எஸ்.எச். மிகவும் கீழே போயிருந்தால் மாத்திரை அளவு அதிகம் என்று அர்த்தம், படபடப்பு, கைநடுக்கம், வேர்வை, தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். வயசானவர்களுக்கு இது வெறும் தொந்தரவோடு நிற்காது. அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் ஊர் மக்களை வைத்துச் செய்து 1994-ல் வெளியான ஆய்வில், 60 வயசுக்கு மேல் டி.எஸ்.எச். 0.1-க்குக் கீழே இருந்தவர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான இதயத்துடிப்பு பத்து வருடத்தில் மற்றவர்களைவிடச் சுமார் மூன்று மடங்கு வந்தது. அந்தத் துடிப்பு பக்கவாதத்துக்கு வழி. அதனால் வீட்டில் அம்மா, மாமியார் மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால் அவர்கள் நாடியையும் ஒருமுறை பிடித்துப் பாருங்கள்.

டி.எஸ்.எச். மேலே இருந்தும் படபடக்கிறதா? அதுவும் நடக்கும். இதயம் மெதுவாக ஓடும்போது இடையில் வரும் உதிரித் துடிப்புகள் நன்றாக உணரப்படும். ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் இருக்கிற ரத்தத்தை வைத்துச் சமாளிக்க இதயம் வேகமாக ஓடும். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. தைராய்டு குறைந்தால் மாதவிடாய்ப் போக்கு அதிகமாகும், அதில் இரும்புச் சத்து போகும், இரும்பு இல்லாமல் தைராய்டு சுரப்பியும் சரியாக வேலை செய்யாது, ஏனென்றால் ஹார்மோனை உருவாக்கும் நொதிக்கே இரும்பு வேண்டும். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டு, வெறும் தைராய்டு மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் நிறைய. ஹாஷிமோட்டோ வகைத் தைராய்டு (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவது) இருப்பவர்களுக்கு பி12 குறைவும் சேர்ந்து வரலாம். அதே வகையில் சுரப்பி சேதமாகும்போது ஹார்மோன் மொத்தமாக ரத்தத்தில் கலந்து சில வாரம் தைராய்டு அதிகமான மாதிரி ஆட்டிவைப்பதும் உண்டு. பிரசவம் ஆகி ஒரு வருடத்துக்குள் இருப்பவர்களுக்கும் இப்படி முதலில் ஏறி அப்புறம் இறங்கலாம், "பிள்ளை பெத்த உடம்பு, தூக்கம் இல்ல" என்று தள்ளிவிடாமல் ஒரு பரிசோதனை செய்துவிடுங்கள்.

படி 4: மாத்திரையைச் சாப்பிடும் முறை

எனக்குத் தெரிந்து அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து எஸ்டேட் லைன் வீட்டில் ஒரு அக்கா. விடியற்காலை அடுப்பைப் பற்றவைத்து, டீத்தூள் கொதிக்கும்போதே டப்பாவிலிருந்து மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொள்வார். சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயை டம்ளரில் ஊற்றி, முதல் மடக்கோடு மாத்திரையையும் விழுங்குவார். அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீர் குடிக்க யாருக்குத்தான் மனசு வரும்? கொழுந்து பறிக்கப் போகிற அவசரத்தில் இரண்டாவது டம்ளர், கூடவே பி.எச்.சி.யில் (ஆரம்ப சுகாதார நிலையத்தில்) கொடுத்த இரும்புச் சத்து மாத்திரை. "ஒருநாளும் தவறாம போடறேன், டி.எஸ்.எச். ஏறிட்டே போகுது, டாக்டர் மாத்திரையைக் கூட்டிட்டே போறார்" என்பார். டீயும் இரும்பும் மாத்திரையின் பெரும்பகுதியைக் குடலில் சேரவிடாமல் செய்துகொண்டிருந்தன. பிறகு தொடர்ந்து சில வாரம் டீ குடிக்காமல், இரும்பு மாத்திரை தீர்ந்துபோய் இருந்தால், அந்தக் கூட்டிவைத்த டோஸ் முழுதாக உடம்பில் சேரும். அப்போது படபடப்பு.

முறை இதுதான். எழுந்தவுடன் வெறும் வயிற்றில், தண்ணீரில் மட்டும். வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரியே ஃபிளாஸ்க்கில் ஊற்றித் தலைமாட்டில் வைத்துவிட்டால் அடுப்படிக்குப் போகும் முன்பே மாத்திரை உள்ளே போய்விடும். அதற்குப் பிறகு டீ, காபி, பால், சாப்பாடு எதற்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். இரும்பு, கால்சியம், வயிற்றுப்புண்ணுக்குக் குடிக்கும் ஆன்டாசிட், இவற்றுக்கு 4 மணி நேர இடைவெளி. காலையில் இது முடியவே முடியாது என்றால் ராத்திரி சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம், டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். எந்த நேரமானாலும் தினமும் அதே நேரம் என்பது முக்கியம். சாப்பிடும் முறையை மாற்றினால் அதே டோஸ் கூடுதலாக வேலை செய்யும், அதனால் 6 வாரம் கழித்துப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். படபடப்பு இருப்பவர்கள் டாக்டருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டு மாற்றுவது நல்லது.

டப்பாவை அடுப்படி அலமாரியில் வைக்காதீர்கள். இந்த மாத்திரை ஈரத்துக்கும் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் கெடும். ஜூன், ஜூலையில் சுவரில் பூஞ்சை பூக்கிற ஊரில், மாத்திரையைக் கொட்டிக் காகிதத்தில் மடித்து வைத்தால் என்ன மிஞ்சும்? வந்த டப்பாவிலேயே, மூடியை இறுக்கி, படுக்கையறைப் பெட்டியில் வையுங்கள். தைரோநார்ம், எல்ட்ராக்சின் என்று எந்தப் பிராண்டு ஆரம்பித்தீர்களோ அதிலேயே இருங்கள். கடையில் அது இல்லை என்று மாற்றிக் கொடுத்தால் தேதியைக் குறித்து வைத்து 6 வாரத்தில் டி.எஸ்.எச். பாருங்கள்.

இந்த 6 வாரக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்றால், இந்த மாத்திரையில் இருக்கும் தைராக்சின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும். டோஸை மாற்றினால் புது நிலை வந்து நிலைக்க 6 வாரம் பிடிக்கும். இதிலிருந்து இரண்டு விஷயம் புரிந்துகொள்ளலாம். ஒன்று, மாத்திரை போட்ட அரை மணியில் வரும் படபடப்பு அந்த ஒரு மாத்திரையால் வருவது அபூர்வம், அதைத் தொடர்ந்து வெறும் வயிற்றில் இறங்கிய டீயைச் சந்தேகப்படுங்கள். இரண்டு, பயந்துபோய் நான்கு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு "நிறுத்தினதும் சரியாயிடுச்சு" என்று முடிவு கட்டாதீர்கள், மருந்து இன்னும் உடம்பில்தான் இருக்கிறது. நீங்களாக நிறுத்துவதும் பாதியாக உடைப்பதும் வேண்டாம். ஒருநாள் மறந்துவிட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது, மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். வயசானவர்களுக்கும் இதய நோய் இருப்பவர்களுக்கும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் ஆரம்பித்து மெதுவாகத்தான் கூட்டுவார்கள், "அவளுக்கு 100 குடுத்தாங்க, எனக்கு 25 தானா" என்று கேட்காதீர்கள். கர்ப்பம் என்று தெரிந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள், அப்போது டோஸ் கூட வேண்டியிருக்கும்.

படி 5: மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்குங்கள்

டீ நம் ஊர் வருமானம், அதை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனசில்லை, தேவையும் இல்லை. ஆனால் நாளைக்கு ஆறேழு டம்ளர் போகிற வீடுகள் இங்கே சாதாரணம். மூன்றாகக் குறையுங்கள், மத்தியானம் 2 மணிக்கு மேல் வேண்டாம், வெறும் வயிற்றில் வேண்டவே வேண்டாம். ஒரே நாளில் வெட்டினால் தலைவலி மண்டையைப் பிளக்கும், இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு டம்ளர் வீதம் குறைத்து வாருங்கள்.

மலையில் சளி, மூக்கடைப்பு வருடம் முழுவதும் உண்டு. மெடிக்கலில் கேட்டு வாங்கும் பல சளி மாத்திரைகளில் ஃபீனைல்எஃப்ரின் இருக்கிறது, அது ரத்த அழுத்தத்தைக் கூட்டும், சிலருக்குப் படபடப்பையும் கிளப்பிவிடும். அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள், அல்லது "எனக்குப் படபடப்பு இருக்கு, அது இல்லாததா குடுங்க" என்று கேளுங்கள். வீசிங்குக்கு இழுக்கும் சால்பூட்டமால் இன்ஹேலரும் கொஞ்ச நேரம் நெஞ்சைப் படபடக்க வைக்கும். அதை நிறுத்தக் கூடாது. அடிக்கடி தேவைப்படுகிறது என்றால் வீசிங் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம், அதற்கு டாக்டரைப் பாருங்கள்.

குளிரில் தாகம் தெரியாது, நாளெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு சட்டென்று எழுந்தால் நாடி குதிக்கும். காலைச் சாப்பாட்டை விடுவதும் அப்படித்தான். ஆண்களுக்கு ராத்திரி குடித்துவிட்டு விடியற்காலையில் வரும் படபடப்பை மனைவிமார்கள் நோட்டில் எழுதினால் போதும், காரணம் தானாகத் தெரியும்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி சாப்பிடக் கூடாது என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். அதையே விளைவித்துச் சாப்பிடும் ஊர் இது. அயோடின் உப்பு பயன்படுத்தும் வீட்டில், வேகவைத்து அளவாகச் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. அதைவிட, அயோடின் சொட்டு, கடல்பாசி மாத்திரை என்று ஆன்லைனில் வாங்கிச் சாப்பிடுவதுதான் ஆபத்து, தைராய்டை இரண்டு பக்கமும் தள்ளிவிடும்.

படி 6: படபடப்பு வந்துவிட்ட அந்த அரை மணி நேரம்

ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லை என்று முதலில் சொன்ன பட்டியலை மனசில் ஓட்டிப் பார்த்துவிட்டீர்கள், நாடியை ஒருமுறை எண்ணி எழுதிவிட்டீர்கள். இனி செய்ய வேண்டியது, பயத்தோடு சண்டை போடாமல் உடம்பை இறக்குவது.

பயம் உச்சத்துக்குப் போக சுமார் பத்து நிமிடம் ஆகும், அதற்குப் பிறகு உடம்பால் அதே உயரத்தில் நிற்க முடியாது, தானாக இறங்கும். "இது வந்திருக்கு, ஏறும், இறங்கும்" என்று வாய்விட்டே சொல்லுங்கள். உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் தரையில் வையுங்கள். 4 எண்ணும் வரை மூக்கால் மூச்சை இழுங்கள், 6 எண்ணும் வரை வாயைக் குவித்து மெதுவாக விடுங்கள். விடுவது இழுப்பதைவிட நீளமாக இருக்க வேண்டும், அதுதான் நாடியைக் குறைக்கும் நரம்பைத் தட்டி எழுப்பும். ஐந்து நிமிடம் செய்யுங்கள். "நல்லா ஆழமா மூச்சு விடு" என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வதைக் கேட்டு வேகவேகமாகப் பெரிய மூச்சு இழுக்காதீர்கள். அப்படி இழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மதமதக்கும், தலை சுற்றும், அதைப் பார்த்து இன்னும் பயம் வரும். காகிதப் பையில் மூச்சு விடுவதும் வேண்டாம்.

மூச்சு கொஞ்சம் படிந்ததும் கைக்கு வேலை கொடுங்கள். பச்சைப்பட்டாணி சீசனில் ஒரு முறம் பட்டாணியை மடியில் வைத்து உரிப்பது எனக்கு எந்தத் தியானத்தைவிடவும் உதவியிருக்கிறது: தோலின் ஓரத்து நாரைக் கிள்ளி இழுத்து, கட்டைவிரலால் பிளந்து, உள்ளே எத்தனை மணி என்று பார்த்து, விரலால் வழித்துப் பாத்திரத்தில் போட்டு, அடுத்தது. கண், விரல், காது மூன்றும் அதில் இருக்கும்போது நெஞ்சைக் கவனிக்க ஆள் இருக்காது. பட்டாணி இல்லையென்றால் கீரை ஆய்வது, துணி மடிப்பது, எதுவானாலும் சரி.

பக்கத்தில் இருக்கும் வீட்டார் "ஒண்ணுமில்ல, சும்மா கற்பனை பண்ணாத" என்று சொல்லாமல் இருந்தாலே பாதி உதவி. கூட உட்காருங்கள், நீங்களும் அந்த 4, 6 கணக்கில் மூச்சு விடுங்கள், அவர்களுக்குத் தானாகத் தொற்றும்.

படி 7: அடுத்த சில மாதங்கள்

படபடப்பு வந்த இடத்தை மனசு ஞாபகம் வைத்துக்கொள்ளும். மேட்டில் வந்ததா, மேடு ஏறுவதை விடுவோம். மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ் வளைவு திரும்பும்போது வந்ததா, பஸ்ஸே வேண்டாம் என்போம். அப்புறம் கல்யாணத்துக்குப் போக மாட்டோம், சந்தைக்குப் போக மாட்டோம். இதுதான் பயம் நம் வாழ்க்கையைத் தின்னும் வழி. பரிசோதனைகளைப் பார்த்து நடக்கலாம் என்று டாக்டர் சொன்னபின், திட்டம் போட்டுத் திரும்ப ஏறுங்கள். முதல் வாரம் சமமான ரோட்டில் கால் மணி நேரம். அடுத்து சின்ன மேடு, பாதியில் நின்று, நாடி ஏறுவதை அனுபவித்து, இறங்குவதையும் பார்த்துவிட்டு மேலே. பஸ்ஸும் அப்படித்தான், முதலில் துணையோடு ஒரு ஸ்டாப், அப்புறம் தனியாக. நடுவில் படபடத்தால் இறங்கி ஓடாமல், குறையும் வரை அங்கேயே இருந்து பாருங்கள்.

இதற்கும் அடங்கவில்லை, தூக்கம் போய்விட்டது, எதிலும் பிடிப்பில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சின்ன ஊரில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. 14416 என்ற டெலி மானஸ் எண் 24 மணி நேரமும் உண்டு, இலவசம், தமிழில் பேசலாம், வீட்டை விட்டு வெளியே போகவே வேண்டாம். சி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சை பயத்துக்கு நன்றாக வேலை செய்கிறது. மருந்து எழுதினால் தைராய்டு மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லுங்கள், செர்ட்ராலின் போன்ற மருந்து ஆரம்பித்தால் சிலருக்குத் தைராய்டு டோஸைக் கொஞ்சம் கூட்ட வேண்டிவரும். அந்த மருந்துகள் வேலை செய்யச் சில வாரம் ஆகும், முதல் சில நாள் பதற்றம் கூடின மாதிரிகூட இருக்கும், அதற்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். ப்ரோப்ரனோலால் படபடப்பை நன்றாக அடக்கும், ஆனால் வீசிங் இருப்பவர்களுக்கும் நாடி ஏற்கெனவே மெதுவாக இருப்பவர்களுக்கும் ஆகாது, பக்கத்து வீட்டு அட்டையிலிருந்து ஒன்று வாங்கிப் போடவே கூடாது. பதற்றத்துக்குக் கொடுக்கும் அல்ப்ரஸோலம் பழக்கமாகிவிடும், டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் ஒருநாளும் வேண்டாம்.

படி 8: டாக்டர் அறையில்

கிடைப்பது ஐந்து நிமிடம். நோட்டு, எல்லா ரத்தப் பரிசோதனைச் சீட்டும், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டையும் (சளி மாத்திரை, சத்து மாத்திரை, நாட்டு மருந்து உட்பட) ஒரு பையில். உட்கார்ந்ததும் "டென்ஷனா இருக்கு" என்று ஆரம்பிக்காதீர்கள், அந்த வார்த்தையோடு பேச்சு முடிந்துவிடும். "ரெண்டு வாரத்துல ஒன்பது தடவை படபடப்பு வந்துச்சு, உட்கார்ந்திருக்கும்போதே நாடி 110, ஒழுங்கா இருந்துச்சு, ரெண்டு தடவை தாறுமாறா இருந்துச்சு, மாத்திரை 75, வெறும் வயித்துல போடறேன்" என்று எண்ணோடு ஆரம்பியுங்கள். பயம் இருப்பதையும் அடுத்த வரியில் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஈ.சி.ஜி. சில விநாடி ஓட்டத்தைத்தான் பதியும், அந்த நேரத்தில் படபடப்பு இல்லையென்றால் அதில் ஒன்றும் தெரியாது. தாறுமாறான துடிப்போ, சட்டென்று வந்து நிற்கும் துடிப்போ இருந்தால் 24 மணி நேரம் உடம்பில் மாட்டும் ஹோல்டர் கருவி தேவையா என்று கேளுங்கள். அதற்குக் கீழே கோவைக்குப் போகச் சொன்னால், மாட்டிக்கொண்டு மேலே வீட்டுக்கு வந்துவிட்டு மறுநாள் கருவியைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். லாட்ஜில் படுத்துக் கிடந்தால் அந்த 24 மணி நேரமும் நாடி ஒழுங்காகத்தான் ஓடும். உங்கள் மேட்டில் ஏற வேண்டும், உங்கள் டீயைக் குடிக்க வேண்டும், வழக்கமாகப் படுக்கும் இடத்தில் படுக்க வேண்டும், படபடப்பு வந்த நேரத்தைக் கொடுத்த சீட்டில் நிமிடத்தோடு எழுத வேண்டும், அப்போதுதான் அந்த நேரத்துத் துடிப்பைத் தேடி எடுத்துப் பார்க்க முடியும். குளியல் மட்டும் அன்றைக்கு வேண்டாம், ஒயர் நனையக் கூடாது.